ஆய்வுக்கூடக் காற்று: சிக்கனமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்



இந்த நலவாழ்வுப் பக்கத்தில் இதுவரை சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று வீட்டோடு சேர்ந்த விஷயங்களையே பேசி வந்திருக்கிறோம். இந்த முறை ஒரு மாறுதலாக, அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பலர் தினமும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் செலவிடும் ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறோம். அதுதான் ஆய்வுக்கூடம். நம் சங்கக் குடும்பங்களிலேயே மருந்துக் கம்பெனியில் வேலை செய்பவர்கள், மருத்துவமனை லேபில் இருப்பவர்கள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

எங்களையும் கேட்க வைத்தது ஒரு சம்பவம்.

ஒரு பொங்கல் விழாப் பந்தியில் எங்கள் அருகில் உட்கார்ந்திருந்த சகோதரி ஒருவர் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார். அவருடைய அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து, இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். வார இறுதியில் சித்தி வீட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கம். சில வாரங்களாக வரும்போதெல்லாம் தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் என்று சொல்லியிருக்கிறாள். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருப்பதால்தான் இப்படி என்று சித்தி ரசமும் சுக்குக் காப்பியும் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் அந்தப் பெண்ணே சொன்னாளாம்: "பகல்ல ஒண்ணும் இல்லை சித்தி. ராத்திரி எட்டு மணிக்கு மேல லேப்ல வேலை செஞ்சாத்தான் இப்படி ஆகுது. அந்த நேரத்துல காத்துச் சத்தமே அடங்கிடுது."

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"எப்படிச் சொல்றது சித்தி? கைடு என்ன நினைப்பாரோ, விசாவுக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயமா இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களை உறுத்தியது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம். இரவில் காற்றுச் சத்தம் ஏன் அடங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம்.

ஃப்யூம் ஹூட் என்பது என்ன?

நம் வீட்டில் காய்ந்த மிளகாய் தாளித்தால் என்ன நடக்கும்? வீடே தும்மும். உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவோம், ஜன்னலைத் திறப்போம். வேதியியல் லேபில் தாளிப்புக்குப் பதிலாக அமிலங்களும் கரைப்பான்களும் ஆவியாகின்றன. அவற்றை மூக்குக்கு வரவிடாமல் இழுத்துக் கூரைக்கு மேலே அனுப்பும் பெட்டிதான் ஃப்யூம் ஹூட்.

மூன்று பக்கமும் மூடிய ஒரு பெரிய அலமாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்பக்கத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கும். அதற்கு சாஷ் என்று பெயர். கதவுக்குக் கீழே கையை நுழைத்து வேலை செய்ய வேண்டும். மொட்டை மாடியில் உள்ள விசிறி இழுப்பதால், அறையின் காற்று அந்தத் திறப்பின் வழியாக எப்போதும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆவி வெளியே வராது.

இந்தக் காற்று என்ன வேகத்தில் உள்ளே போகவேண்டும்? பொதுவாக நிமிடத்துக்கு 80 முதல் 120 அடி வரை வைத்திருப்பார்கள். கலிஃபோர்னியா மாநில விதி, திறப்பு முழுவதற்குமான சராசரி 100 அடியாவது இருக்கவேண்டும், எந்த ஒரு புள்ளியிலும் 70 அடிக்குக் குறையக்கூடாது என்கிறது.

"அப்படியானால் வேகத்தை இன்னும் கூட்டினால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். இல்லை. வேகம் மிக அதிகமானால் ஹூட்டின் வாயில் காற்று சுழல ஆரம்பித்து, உள்ளே இருக்கும் ஆவியையே வெளியே இழுத்துவிடும். எதிலும் அளவு தேவை என்பது இங்கேயும் பொருந்துகிறது.

காற்றுக்கும் கரண்ட் பில் உண்டு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து அடி அகலமுள்ள ஹூட்டின் கதவை இரண்டரை அடி உயரத்துக்குத் திறந்து வைத்தால் திறப்பு 12.5 சதுர அடி. காற்றின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி. ஆக, ஒவ்வொரு நிமிடமும் 1,250 கன அடிக் காற்று வெளியே போகிறது. 1,500 சதுர அடி வீடு ஒன்றில் இருக்கும் காற்று சுமார் 12,000 கன அடி. அதாவது ஒரே ஒரு ஹூட், ஒரு வீட்டுக் காற்று முழுவதையும் பத்து நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். இரவும் பகலும், ஆண்டு முழுவதும் இது நடக்கிறது.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து புதுக்காற்று வரவேண்டும். அலுவலகக் கட்டடத்தில் உள்காற்றையே பெரும்பாலும் சுற்றிச் சுற்றி விடுவார்கள். ரசாயன லேபில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு முறை உபயோகித்த காற்றை அப்படியே வெளியேற்றிவிட வேண்டும். மினசோட்டாவில் ஜனவரி மாதக் காற்றைச் சூடாக்கி, டெக்சாஸில் ஆகஸ்ட் மாதக் காற்றைக் குளிர்வித்து, சில நிமிடங்களில் கூரை வழியே அனுப்பிவிடுகிறோம். லேப் கட்டடங்கள் சாதாரண அலுவலகத்தைவிடப் பல மடங்கு எரிசக்தியை விழுங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இவான் மில்ஸ், டேல் சார்ட்டர் ஆகிய இருவரும் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சராசரி ஃப்யூம் ஹூட் ஒன்று அமெரிக்க வீடு ஒன்றைப் போல மூன்றரை மடங்கு எரிசக்தியைச் செலவழிக்கிறது என்று மதிப்பிட்டார்கள். இந்த நாட்டில் சுமார் ஏழரை லட்சம் ஹூட்கள் இருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். நூறு ஹூட்கள் உள்ள ஒரு வேதியியல் துறை, 350 வீடுகள் உள்ள ஓர் ஊருக்குச் சமம்!

எனவே பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் இதில் சிக்கனம் பார்ப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது. பணமும் மிச்சம், பூமிக்கும் நல்லது. அந்தச் சிக்கனம் எங்கே செய்யப்படுகிறது என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

எண்ணெய் நெருக்கடி கற்றுக் கொடுத்த பாடம்

காற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. 1973-இல் பெட்ரோலிய எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காகக் கட்டடங்களைக் காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். திறக்க முடியாத ஜன்னல்கள் வந்தன. கட்டடக் காற்றுக்குத் தரநிலை வகுக்கும் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம், 1981-இல் புகைபிடிக்காத அலுவலகங்களில் ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு வெறும் 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று வைத்தது.

விளைவு? அலுவலகத்தில் இருக்கும்வரை தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, சோர்வு. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். இப்படிப் பல ஊர்களில் புகார்கள் எழுந்தன. இதற்கு 'நோயுற்ற கட்டட நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார்கள். புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் 30 சதவீதம் வரை இத்தகைய புகார்களுக்கு இடமாக இருக்கலாம் என்று 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று தெரிவித்தது. காற்றுக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. புதுக் கம்பளம், பசை, பெயின்ட் ஆகியவற்றிலிருந்து வரும் ஆவியும் சேர்ந்துகொண்டது. அந்த ஆவியை வெளியேற்றப் போதிய காற்று இல்லை. 1989-இல் ஆஷ்ரே அலுவலகங்களுக்கான அளவை ஆளுக்கு 20 கன அடியாக, நான்கு மடங்கு உயர்த்தியது.

நாற்காலியும் மேசையும் உள்ள அலுவலகத்திலேயே இப்படி என்றால், ஆசிட்டும் குளோரோஃபார்மும் உள்ள லேபில் எவ்வளவு கவனம் வேண்டும்! கவனமில்லாத சிக்கனம் முதலுக்கே மோசமாகிவிடும்.

நல்ல சிக்கனம் எது?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் பெரியவர்கள். லேப் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடையாது. அளந்து செய்த சிக்கனத்துக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறோம்.

முதலாவது, கதவை இறக்குவது. புதுவகை ஹூட்களில், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்து, காற்றின் அளவு தானாகவே கூடும், குறையும். மேலே சொன்ன ஹூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கதவை இரண்டரை அடியிலிருந்து ஆறு அங்குலத்துக்கு இறக்கினால் தேவைப்படும் காற்று 1,250 கன அடியிலிருந்து 250 கன அடியாகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு! முழுவதும் மூடினாலும் உள்ளே இருக்கும் ஆவி தேங்காமல் இருக்க ஒரு குறைந்தபட்சக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் சிறப்பு என்னவென்றால், கதவை இறக்கினால் பாதுகாப்பும் கூடுகிறது. உள்ளே ஏதாவது வெடித்தாலோ தெறித்தாலோ கண்ணாடி முகத்தைக் காக்கிறது. சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே திசையில் போகும் இடம் இது. ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியல் துறையில் 2005 முதல் 'கதவை மூடு' என்று மாணவர் குழுக்களுக்கு இடையே போட்டியே வைத்தார்கள். செலவு ஏதும் இல்லாத ஒரு பழக்கத்தால் ஆண்டுதோறும் பெரும் தொகை மிச்சமானது.

ஆனால் ஒரு விஷயம். பழைய வகை ஹூட்களில் கதவை இறக்கினாலும் விசிறி அதே அளவு காற்றைத்தான் இழுக்கும். அங்கே மின்சாரம் பெரிதாக மிச்சமாகாது. இருந்தாலும் பாதுகாப்புக்காக இறக்கித்தான் வைக்கவேண்டும்.

இரண்டாவது உதாரணம், கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகம். 2008 வாக்கில் 'ஸ்மார்ட் லேப்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அறைக்காற்றைத் தொடர்ந்து முகர்ந்து பார்க்கும் உணர்கருவிகளைப் பொருத்தினார்கள். காற்று சுத்தமாக இருக்கும்போது, ஆட்கள் உள்ள நேரத்தில் மணிக்கு நான்கு முறையும், ஆளில்லாத நேரத்தில் இரண்டு முறையும் அறைக்காற்று மாறும். ஏதாவது சிந்தி ஆவி கிளம்பினால் கருவி உடனே கண்டுபிடித்துக் காற்றை வேகமாகக் கூட்டிவிடும். எல்லா லேபுக்கும் ஒரே அளவை வைக்காமல், எந்த லேபில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று பாதுகாப்பு அலுவலகம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்தது. ஆபத்து அதிகமான இடங்களில் குறைக்கவில்லை. இப்படி மாற்றியமைத்த கட்டடங்களில் எரிசக்திச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது.

இரண்டிலும் பொதுவானது என்ன? முதலில் அளந்தார்கள், பிறகுதான் குறைத்தார்கள். உள்ளே இருப்பவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கே தவறு நேர்கிறது?

ஓர் ஆளும் அளக்காமல் கடிகாரத்தை மட்டும் நம்பிக் குறைக்கும்போதுதான் ஆபத்து வருகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் கட்டடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று கணினியில் எழுதி வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஏழு மணிதான் பாதி நாள். நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூட்டமில்லாத நேரத்தில் கருவி கிடைக்கும் என்று இரவில்தான் போவார்கள். துப்புரவுப் பணியாளர்களும் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள்.

அடுத்தது, அலாரத்தின் வாயை அடைப்பது. காற்று குறைந்தால் ஒலிக்கவேண்டிய மணி, தொல்லையாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் நிறுத்திவிடுவார். வீட்டில் தோசை வார்க்கும்போது கத்துகிறது என்று புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவைப்போமே, அதே கதைதான்!

மூன்றாவது, ஹூட்டைச் சாமான் அறையாக்குவது. பாட்டில்களையும் பெட்டிகளையும் அடுக்கினால் பின்பக்கத்தில் உள்ள காற்றுப் பாதை அடைபட்டுவிடும். வேகமாக ஒருவர் ஹூட்டின் முன்னால் நடந்து போனாலே காற்று கலையும். மணிக்கு மூன்று மைல் நடை என்றால் நிமிடத்துக்கு 264 அடி. ஹூட்டின் காற்றோ வெறும் 100 அடி!

நான்காவது, பெட்டி மாறிப்போவது. இது முக்கியம். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று பெட்டிகள் லேபில் உண்டு.

• ஃப்யூம் ஹூட்: ரசாயன ஆவியை வெளியே அனுப்பும். வேலை செய்பவரைக் காக்கும்.

• உயிரியல் பாதுகாப்புப் பெட்டி: மருத்துவமனை லேப்களிலும் உயிரியல் லேப்களிலும் அதிகம் இருக்கும். பரவலாக உள்ள வகை, உள்காற்றின் பெரும்பகுதியை ஹெப்பா வடிகட்டி வழியாகச் சுற்றி விடுகிறது. ஹெப்பா கிருமிகளையும் தூசியையும் பிடிக்கும். ரசாயன ஆவியைப் பிடிக்காது.

• சுத்தக் காற்று மேசை: வடிகட்டிய காற்றை வேலை செய்பவரின் முகத்தை நோக்கி வீசும். உள்ளே இருக்கும் பொருளைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது. இதில் ஃபார்மலினைத் திறந்தால் நேராக மூக்குக்குத்தான் வரும்.

இவை தவிர, குழாயே இல்லாமல் கரி வடிகட்டி வைத்துக் காற்றை அறைக்கே திருப்பி விடும் ஹூட்களும் விற்பனைக்கு வருகின்றன. மின்சாரம் வெகுவாக மிச்சமாகும். என்னென்ன ரசாயனம், எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த வேலைக்கு அவை பொருந்தலாம். ஆனால் கரி நிறைந்துவிட்டால் ஆவி அப்படியே வெளியே வரும். வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கேட்காமல் நம்பக்கூடாது.

மூக்கை நம்பலாமே என்று சிலர் நினைக்கலாம். மூக்கு ஏமாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஹூட் மட்டும் போதாது

காற்று சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களைப் பற்றி ஆராய்ந்த நிபுணர். 1996 ஆகஸ்டில் ஃப்யூம் ஹூட்டுக்குள்தான் வேலை செய்துகொண்டிருந்தார். டைமெதில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் ஓரிரு சொட்டுகள் அவருடைய ரப்பர் கையுறைமேல் விழுந்தன. அந்தக் கையுறை வழியாக அது சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பல மாதங்கள் கழித்தே அறிகுறிகள் தெரிந்தன. 1997 ஜூன் மாதம், தமது 48-ஆவது வயதில் அவர் காலமானார். ஹூட் தன் வேலையைச் செய்தது, கையுறை செய்யவில்லை. காற்று, கையுறை, கண்ணாடி, மேலங்கி, பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

சித்தி கொடுத்த தைரியத்தில், அந்தப் பெண் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். யார்மீதும் குறை சொல்லவில்லை. "இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் ஹூட்டில் காற்று குறைவதுபோல் தெரிகிறது. எனக்குத் தலைவலி வருகிறது. தயவுசெய்து அந்த நேரத்தில் வந்து அளந்து பார்க்க முடியுமா?" என்று மட்டும் எழுதினாள்.

இரண்டு நாளில் ஆள் வந்தார். பகலில் அளந்தபோது எல்லாம் சரி. இரவில் அளந்தபோது வேகம் பாதியாக இறங்கியிருந்தது. மின்சாரச் சிக்கனத்துக்காக ஏழு மணிக்கு மேல் அந்தத் தளத்தின் காற்றைக் குறைக்கும்படி முந்தைய ஆண்டு மாற்றியிருக்கிறார்கள். ஹூட்டின் அலாரத்தின்மேல் யாரோ ஒரு டேப்பை ஒட்டியிருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. கதவுக்கு அருகில் சுவரில் ஒரு பொத்தான் இருந்தது. இரவில் வேலை செய்பவர்கள் அதை அழுத்தினால் இரண்டு மணி நேரத்துக்கு முழுக் காற்றும் திரும்பி வரும்! திட்டம் போட்டவர்கள் அதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் மேலங்கிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவளிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது ஆள் நடமாட்டத்தைத் தானாக உணரும் கருவியைப் பொருத்திவிட்டார்கள். யாரும் இல்லாதபோது காற்று குறைகிறது. ஆள் வந்தால் கூடுகிறது. சிக்கனமும் நிற்கவில்லை, தலைவலி நின்றுவிட்டது. கைடு என்ன சொன்னார் தெரியுமா? "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்றாராம்.

எல்லோருக்கும் இப்படி எளிதாக முடிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் முடிந்திருக்காது.

உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்

லேபில் வேலை செய்யும் உங்கள் மகனோ மகளோ கணவரோ மனைவியோ இருந்தால், சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஹூட்டைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிப்பது நல்ல வழக்கம். தேதியிட்ட ஸ்டிக்கர் ஹூட்டின்மேல் ஒட்டியிருக்கும்.

2. காற்று மீட்டரும் அலாரமும் வேலை செய்கிறதா? ஒலித்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரியுமா?

3. இரவிலும் விடுமுறை நாளிலும் காற்று குறைக்கப்படுகிறதா? திரும்பக் கூட்டுவது எப்படி?

4. கதவை எந்த உயரம் வரை திறக்கலாம்? ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். வேலை முடிந்ததும் இறக்கி மூடுகிறாயா?

5. பொருள்களைத் திறப்பிலிருந்து ஆறு அங்குலமாவது உள்ளே தள்ளி வைக்கிறாயா? தலையை உள்ளே நுழைக்காமல் வேலை செய்கிறாயா?

6. இரவில் தனியாக இருக்கிறாயா? ஏதாவது நேர்ந்தால் யாரை அழைப்பாய்?

லேபில் இருக்கும்போது வரும் தலைவலி, கண் எரிச்சல், இருமல், மயக்கம் ஆகியவை விடுமுறை நாளில் மறைந்துவிட்டால், அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன ரசாயனம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளையும் கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் கூச்சப்படாமல் முன்கூட்டியே மருத்துவரிடமும் பாதுகாப்பு அலுவலகத்திலும் பேசுவது நல்லது. சில கரைப்பான்கள் சிசுவைப் பாதிக்கக்கூடியவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1990-இல் ஓஷா என்ற தொழிலாளர் பாதுகாப்புத் துறை, ஆய்வுக்கூடங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு லேபுக்கும் எழுத்து வடிவில் ஒரு ரசாயனப் பாதுகாப்புத் திட்டம் இருக்கவேண்டும். ஹூட்கள் சரியாக இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. ரசாயனத்தால் அறிகுறி ஏற்பட்ட ஊழியருக்கு, சம்பளப் பிடித்தமோ செலவோ இல்லாமல் மருத்துவப் பரிசோதனைக்கு வழிசெய்ய வேண்டும். பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவதும் சட்டப்படி குற்றம்.

இந்த விதி ஊழியர்களுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். சம்பளம் பெறாத மாணவர்களுக்கும், சில மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளும் பாதுகாப்பு அலுவலகமும்தான் துணை. கோடை விடுமுறையில் லேபுக்குப் போகும் நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீட்டு அடுப்படியில்

கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வெளியே போய்விடும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாமல் சமைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதுவும் இதே தவறுதான். கேஸ் அடுப்பு எரியும்போது நைட்ரஜன் டைஆக்சைடு வருகிறது. தாளிப்பிலும் வறுவலிலும் நுண்ணிய புகைத்துகள்கள் கிளம்புகின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இது நல்லதல்ல. உங்கள் அடுப்புக்கு மேலே உள்ள ஹூட், புகையை வெளியே அனுப்புகிறதா அல்லது வடிகட்டி வழியாகத் திரும்ப முகத்திலேயே விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் கூடவே ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். சமைக்கும்போது போடுங்கள், புகை அடங்கியதும் நிறுத்துங்கள். தேவைப்படும் நேரத்தில் முழுக் காற்று, தேவையில்லாத நேரத்தில் சிக்கனம்: லேபுக்குச் சொன்னதுதான் வீட்டுக்கும்.

பெற்றோர்கள் ஊரிலிருந்து தொலைபேசியில் "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேட்கிறார்கள். இங்கே சித்தியாக, மாமாவாக, அண்ணனாக இருக்கும் நாம் கூடவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்: "லேப்ல காத்து நல்லா வருதா?"

அடுத்த இதழில் சந்திப்போம். நலமுடன் வாழ்க!